ஆம்புலன்ஸ் பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையைச் சுற்றிப் பல வருடம் ஆம்புலன்ஸில் இஎம்டியாக, அதாவது அவசரகால மருத்துவ உதவியாளராக, ஓடியிருக்கிறேன். இப்போது புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலை சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பேட்சிலும் ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் பெயரோ அளவோ வரும் இடங்களில், கட்டுப்பாட்டு அறை டாக்டரின் உத்தரவுக்கும் உங்கள் கையேட்டுக்கும் உட்பட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

அக்கா, நான் நர்சிங் படிக்கல, விலங்கியல் பட்டம்தான். இந்த வேலை எனக்குச் சரிப்படுமா?

சரிப்படும். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியதிலிருந்தே நர்சிங் முடித்தவர்களோடு உயிர் அறிவியல் பட்டதாரிகளையும் எடுத்துப் பயிற்சி கொடுத்து வருகிறார்கள். நர்சிங் படித்தவருக்கு ஊசி போடும் கை முதல் நாளே வரும், உங்களுக்கு ஒரு மாதம் தள்ளி வரும். அதன் பிறகு வித்தியாசம் தெரியாது. 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்தால் இதுவும் தனித் தொழிலாகப் பதிவாகும் காலம் வந்துவிட்டது. அதனால் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டுகிறவரை நாம் பைலட் என்கிறோம். அவரை வெறும் டிரைவராக நினைத்துவிடாதீர்கள். ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடிப்பதும், நீங்கள் மூச்சுக் கொடுக்கும்போது நெஞ்சை அழுத்துவதும் அவர்தான்.

பிஎல்எஸ் வண்டி, ஏஎல்எஸ் வண்டின்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

பிஎல்எஸ் என்பது அடிப்படை உயிர்காப்பு வண்டி. அதில் ஆக்சிஜன், உறிஞ்சும் கருவி, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக், கட்டுப்போடும் சாமான்கள், சில மருந்துகள் இருக்கும். ஏஎல்எஸ், அதாவது மேம்பட்ட உயிர்காப்பு வண்டியில் இவற்றோடு வென்டிலேட்டர், இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டர், ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் ஆகியவை இருக்கும். சின்ன வண்டியில் இருக்கிறோமே என்று குறைபட வேண்டாம். மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பது, ரத்தத்தை நிறுத்துவது, சர்க்கரை பார்ப்பது மூன்றையும் பிஎல்எஸ் வண்டியிலேயே செய்யலாம்.

ஸ்பாட்டுல இறங்கினதும் முதல்ல பிபி பார்க்கிறதா, நாடி பிடிக்கிறதா?

இரண்டும் இல்லை. முதலில் சுற்றிப் பாருங்கள். அறுந்த கரண்ட் கம்பி கிடக்கிறதா, டேங்கரிலிருந்து ஏதாவது ஒழுகுகிறதா, பின்னால் வண்டிகள் வேகமாக வருகின்றனவா? நான்குவழிச் சாலையில் இரவு நேர விபத்துக்குப் போனால் பைலட் வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்பதே உங்கள் பாதுகாப்பு. கையுறை போடாமல் எதையும் தொடாதீர்கள்.

அடுத்து ஆளைப் பார்க்கும் வரிசை: பீறிட்டு வரும் ரத்தம் இருந்தால் அதை நிறுத்துங்கள். பிறகு மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, கடைசியாக உடையை விலக்கி உடம்பு முழுவதும். பிபி மெஷின் இதற்கெல்லாம் அப்புறம். கூட்டத்தில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். காதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கையும் கண்ணும் பார்த்ததை வைத்து முடிவெடுங்கள்.

சிபிஆர் பண்றப்ப விலா எலும்பு ஒடிஞ்சா என் மேல கேஸ் வருமா?

வராது. சரியான ஆழத்தில் நெஞ்சை அழுத்தினால் வயதானவர்களுக்கு விலா ஒடிவது சகஜம். ஒடிந்த விலா ஆறிவிடும், நின்ற இதயம் தானாக ஓடாது. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விட வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். களைத்த கையின் ஆழம் குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது.

எல்லோரும் செய்யும் தவறு, உடனே வண்டியில் ஏற்றி ஓடும் வண்டிக்குள் அழுத்துவது. கோரிப்பாளையம் சிக்னலில் பிரேக் அடிக்கும்போது உங்கள் அழுத்தம் எங்கே விழும் என்று யோசியுங்கள். கிடக்கும் இடத்திலேயே, கட்டாந்தரையில், நல்ல சிபிஆர் கொடுத்துத் துடிப்பைக் கொண்டுவரப் பார்ப்பதே முதல் வேலை. கண்மாயிலோ கிணற்றிலோ மூழ்கியவர் என்றால் மூச்சுக் கொடுத்துத் தொடங்குங்கள், அவருக்குப் பஞ்சம் காற்றுக்குத்தான். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

ஆக்சிஜன் நல்லதுதானே? எல்லாருக்கும் வச்சுவிட்டா என்ன?

ஆக்சிஜனும் மருந்துதான். விரலில் மாட்டும் கருவியில் ரத்த ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வையுங்கள். அளவு அதற்கு மேல் இருந்து ஆள் சாதாரணமாக மூச்சுவிட்டால் நெஞ்சுவலிக்காரருக்கும் தேவையில்லை. வருடக்கணக்காகப் பீடி குடித்து நுரையீரல் கெட்டவருக்கு 88 முதல் 92 போதும், 99-க்கு ஏற்றினால் மூச்சு மந்தமாகிவிடக்கூடும். பலத்த காயம், அதிர்ச்சி நிலை என்றால் யோசிக்காமல் முழு மாஸ்க்கில் வையுங்கள்.

சிலிண்டர் கணக்கை ஷிப்ட் தொடங்கும்போதே போடுங்கள். நிரம்பிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். முள் பாதியில் நின்றால் 750. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 75 நிமிடம் வரும். கொட்டாம்பட்டியிலிருந்து நோயாளியை மாற்றும்போது வழியில் டிராபிக்கும் உண்டு, இறக்கும் இடத்தில் காத்திருப்பும் உண்டு. கணக்கில் வருவதற்கு இரண்டு மடங்கு கையில் இருந்தால்தான் கிளம்புங்கள்.

குடிச்சிட்டு விழுந்து கெடக்காருன்னு சுத்தி நிக்கிறவங்க சொல்றாங்க. வாடையும் அடிக்குது. அதுக்கு என்னக்கா பண்றது?

சர்க்கரை பாருங்கள். நினைவில்லாத ஒவ்வொருவருக்கும், குழறிப் பேசுகிறவருக்கும், வலிப்பு வந்தவருக்கும் விரலில் ஒரு சொட்டு எடுத்துவிடுங்கள். குடிக்கிறவருக்குச் சர்க்கரை நோய் இருக்கக்கூடும். சாப்பிடாமல் குடித்திருந்தால் அளவு இன்னும் இறங்கும்.

நான் சேர்ந்த புதிதில் அரசரடிப் பக்கம் ஒருவரை இப்படித்தான் ஏற்றினேன். சட்டையெல்லாம் சாராய வாடை, உளறல், வேர்வை. கூட வந்தவரும் “தினமும் இப்படித்தான்” என்றார். நானும் நம்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 31. குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து தன் செருப்பைத் தேடினார். குளுக்கோமீட்டர் வழியெல்லாம் என் இடுப்புப் பையிலேயே இருந்தது. அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு பேட்சுக்கும் இதைச் சொல்கிறேன்.

70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால், சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லையென்றால் வாயில் ஒரு சொட்டும் கூடாது, நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ்தான். சர்க்கரை சரியாக இருந்தால் உடனே தலையைத் தடவிப் பாருங்கள். குடித்தவர் விழும்போது தலையில் அடிபட்டிருக்கலாம்.

பாம்பு கடிச்ச இடத்துக்கு மேல கயிறு கட்டி வச்சிருக்காங்க. அவுக்கலாமா?

புதிதாக நீங்கள் எதுவும் கட்டாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்கவும் வேண்டாம். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். கட்டிய நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, டாக்டர் முன்னால் அவிழ்க்க விடுங்கள். கடித்த கை காலை ஒடிந்த எலும்புக்குக் கட்டுவதுபோல் பலகை வைத்து அசையாமல் வையுங்கள். மோதிரம், கொலுசு, அரைஞாண் கயிற்றைக் கழற்றுங்கள். ஆளை நடக்க விடாதீர்கள்.

நம் பக்கத்தில் நான்கு பாம்புகள் முக்கியம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அதனால் பாம்பை அடித்து எடுத்து வரச் சொல்லவே கூடாது. கண்ணாடி விரியன் கடித்தால் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், ரத்தம் உறையாது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

என்னைப் பயமுறுத்துவது கட்டுவிரியன். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியே இருக்காது, பல் தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, தொண்டையில் ஏதோ அடைப்பு என்று போன் வரும். ‘வயிற்று வலி கேஸ்’ என்று எழுதிக்கொண்டு போவீர்கள். கண் இமை தொங்குகிறதா என்று பாருங்கள், அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், எச்சில் விழுங்க முடிகிறதா என்று கேளுங்கள். இமை தொங்கினால் அடுத்து நிற்கப்போவது மூச்சு. அம்பு பேக்கைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செயலிழந்தவர் செத்தவர் மாதிரியே கிடப்பார், கண்ணின் பாவைகூட அசையாது. ஆனால் நாம் பேசுவது அவர் காதில் விழும். மூச்சை மட்டும் விடாமல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

மருந்தக் குடிச்ச கேஸ்னா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம்ல?

கூடாது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போனால் விஷத்தைவிட அது சீக்கிரம் கொல்லும். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு இது இரட்டிப்பு உண்மை.

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் காட்டு வேலைக்காரர்கள் வீட்டில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். கண்ணின் பாவை குண்டூசி முனை மாதிரி சுருங்கி, வாயில் நுரை தள்ளி, வேர்த்து, தசை துடித்தால் பூச்சிமருந்துதான். உடையைக் களைந்து உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வண்டி ஜன்னலைத் திறந்து வையுங்கள், சளியை உறிஞ்சிக்கொண்டே இருங்கள். இதற்கு அட்ரோபின் ஊசி ஏன் கொடுக்கிறோம் என்றால் நெஞ்சில் ஊறும் நீரை வற்ற வைக்க. களைக்கொல்லியில் பாராகுவாட் என்று ஒன்று உண்டு. அதைக் குடித்தவருக்கு ஆக்சிஜன் நுரையீரலை இன்னும் எரிக்கும். மேலே சொன்ன 94 கணக்கு அவருக்குப் பொருந்தாது, டாக்டரைக் கேட்காமல் வைக்காதீர்கள். அதனால், குடித்தது எது என்று தெரிய, பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள்.

அரளி விதையை அரைத்துக் குடித்தவர் தெளிவாகப் பேசுவார், நாடி மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். எலிப் பேஸ்ட் தின்ற பிள்ளை முதல் நாள் சிரித்துப் பேசும். “நல்லாத்தான் இருக்கா, கூட்டிட்டுப் போயிடுறோம்” என்பார்கள் வீட்டில். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் போய்விடும், அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். கெஞ்சியாவது ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு “ஏன் குடிச்ச?” என்று அதட்டாதீர்கள், அந்தக் கேள்வியை வழியில் யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஜல்லிக்கட்டு டியூட்டி போட்டிருக்காங்க. என்ன எதிர்பார்க்கலாம்?

தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள். கொம்பு குத்திய காயம் வெளியே சின்ன ஓட்டையாகத் தெரியும், உள்ளே எங்கெங்கோ கிழித்திருக்கும். ஆள் நடந்தே வருவார், வேகத்தில் வலி தெரியாது. வயிறு, நெஞ்சு, தொடையிடுக்கில் குத்து என்றால் நடந்து வந்தாலும் படுக்க வைத்து ஏற்றுங்கள்.

குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. நெஞ்சு ஓட்டையில் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் மூன்று பக்கம் மட்டும் ஒட்டி ஒரு பக்கம் திறந்து விடுங்கள். தொடையில் ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு நாலு விரற்கடை மேலே டூர்னிக்கே என்ற இறுக்கும் பட்டியைப் போட்டு இறுக்கி, நேரத்தை எழுதுங்கள். பாம்புக்கு வேண்டாம் என்ற கட்டு இங்கே உயிர் காக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தொடையிடுக்கில் டூர்னிக்கே போட இடமிருக்காது. துணியைக் காயத்துக்குள் திணித்து, ஆஸ்பத்திரி வரும்வரை கையை எடுக்காமல் அழுத்துங்கள்.

ஹெல்மெட்டைக் கழட்டலாமா?

மூச்சுவழியைப் பார்க்க முடியவில்லையென்றால் கழற்றத்தான் வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து. ஒருவர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் பிடித்துக் கழுத்தை அசையாமல் வைக்க, இன்னொருவர் பக்கவாட்டில் விரித்து மெதுவாக இழுக்க வேண்டும். பைலட்டோடு ஓய்வு நேரத்தில் பத்து முறை பழகுங்கள்.

பிரசவ கேஸ். ஆஸ்பத்திரி இன்னும் பத்து கிலோமீட்டர். தலை தெரியுது. ஓட்டுறதா, நிறுத்துறதா?

நிறுத்துங்கள். வலி வரும்போது தலை தெரிந்து உள்ளே போகாமல் நின்றால் நேரம் வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, விளக்கைப் போட்டு, வீட்டுப் பெண் ஒருவரைத் தாயின் தலைமாட்டில் உட்கார வையுங்கள். தலை சட்டென்று வெளியே வராமல் உள்ளங்கையால் மெல்லத் தாங்குங்கள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் தலைக்கு மேலாக எடுத்துவிடுங்கள். பிள்ளையை இழுக்காதீர்கள்.

பிறந்ததும் துடைத்து, தாயின் நெஞ்சோடு தோல் படப் போட்டு, இருவரையும் போர்த்துங்கள். ஏசியை அணைக்க மறக்காதீர்கள். அழுகிற பிள்ளைக்குக் கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்து வெட்டினால் போதும். துடைத்தும் அழவில்லையென்றால் முதல் நிமிடத்துக்குள் சின்ன மாஸ்க்கில் மூச்சுக் கொடுக்கத் தொடங்குங்கள். வயிற்றில் இன்னொரு பிள்ளை இல்லை என்று பார்த்த பிறகு தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில். நஞ்சுக்கொடி விழுந்ததும் அடிவயிறு பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் தேய்த்துவிட்டுக்கொண்டே போங்கள், ரத்தப்போக்கில் தாய் போவது பத்து நிமிடத்தில் நடந்துவிடும்.

கிட்ட இருக்க ஆஸ்பத்திரிக்குப் போறதா, நேரா பெரியாஸ்பத்திரிக்கா? சொந்தக்காரங்க ஒரு பேர் சொல்றாங்க, கன்ட்ரோல் ரூம் ஒண்ணு சொல்லுது.

மூச்சுவழி உங்கள் கையில் நிற்கவில்லை, ரத்தம் அடங்கவில்லை என்றால் கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரி: மேலூரோ, திருமங்கலமோ, உசிலம்பட்டியோ. மற்றபடி நோயைப் பார்த்துப் போங்கள். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் பக்கவாதம், சிடி ஸ்கேன் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து நாலரை மணி நேரம்தான். தூங்கி எழுந்து பார்த்தவர் என்றால் தூங்கப்போன நேரம்தான் கணக்கு. சர்க்கரை இறங்கினாலும் பக்கவாதம் மாதிரியே இருக்கும், முன்பு சொன்ன சொட்டு ரத்தத்தை இங்கேயும் எடுங்கள். நெஞ்சுவலிக்கு ஈசிஜி எடுத்து அனுப்பி, ஒவ்வாமையோ ரத்தப்போக்கோ இல்லையென்றால் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கச் சொல்லி, இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் இருக்கும் இடத்துக்கு.

விபத்து என்றால் காசுக்குப் பயந்து தயங்குகிறவர்களிடம் சொல்லுங்கள்: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம், வேறு மாநிலத்தவருக்கும் உண்டு. போலீஸ் வராமல் சேர்க்க மாட்டோம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைத் தீர்த்துவிட்டது. தூக்கிவிட்ட வழிப்போக்கரையும் யாரும் அலைக்கழிக்க முடியாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குத் துணை.

ஆஸ்பத்திரியில ஒப்படைக்கிறப்ப டாக்டர் நான் சொல்றதக் கேக்கவே மாட்டேங்குறார். என்ன பண்ண?

அரை நிமிடத்தில் சொல்லுங்கள், கேட்பார். வயது, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, நீங்கள் பார்த்த காயம் அல்லது அறிகுறி, நாடி, பிபி, ஆக்சிஜன், சர்க்கரை, நினைவு, நீங்கள் செய்தது, செய்த பிறகு என்ன மாறியது. “சீரியஸா இருக்காரு டாக்டர்” என்பதில் அவருக்கு எந்தச் செய்தியும் இல்லை. “ஏழு மணிக்குப் பேசினார், ஏழே காலுக்கு இமை தொங்கிடுச்சு” என்றால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுத் திரும்புவார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசரப் பிரிவில் எங்கே படுக்க வைப்பது என்பது உங்கள் அந்த இரண்டு வரியில்தான் தீர்மானமாகும். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள், பதிவுத்தாளில் எடுக்காத பிபியை எழுதாதீர்கள்.

போய்ப் பார்த்தா ஆள் இறந்துட்டார்னு தெரியுது. நாமளே சொல்லிடலாமா?

இறப்பை அறிவிப்பது டாக்டரின் வேலை. உடம்பு விறைத்தோ அழுகியோ இருந்தாலொழிய, மற்ற எல்லோருக்கும் சிபிஆரைத் தொடங்கிவிட்டுக் கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் பேசுங்கள். கட்டுவிரியன் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் உடலை 108 ஏற்றாது, இலவச அமரர் ஊர்திக்கு 155377 எண்ணைக் கொடுங்கள். வீட்டாரிடம் “முயற்சி பண்றோம், மூச்சும் துடிப்பும் இல்ல, டாக்டர்கிட்ட பேசிட்டிருக்கோம்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். “ஒண்ணும் ஆகாதும்மா” என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

ஓடுற வண்டியில ஊசி என் கையில குத்திடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. பரவாயில்லையா?

சொல்லுங்கள், இப்போதே. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். பெரியாஸ்பத்திரியில் எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தில் கேளுங்கள், ராத்திரி என்றால் அவசரப் பிரிவிலேயே. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் நாளைக்கு லீவு எடுத்தாவது முதல் ஊசியைப் போட்டுவிட்டு வாருங்கள்.